ஒரே உடல், இரண்டு தோட்டா: கிளாக் 19 வாங்குவதா, கிளாக் 23 வாங்குவதா?

கேள்வி இதுதான்: உரிமம் பெற்று, குறிசுடும் பயிற்சிக்கும் வீட்டுப் பாதுகாப்புக்குமாக ஒரே ஒரு கைத்துப்பாக்கி வாங்க வேண்டும், கிளாக் 19, கிளாக் 23 இரண்டையும் கையில் எடுத்துப் பார்த்தால் வேறுபாடே தெரியவில்லை, முன்னது 9 மி.மீ. தோட்டாவையும் பின்னது .40 ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் தோட்டாவையும் (குண்டின் விட்டம் 0.40 அங்குலம், அதாவது ஏறத்தாழ 10 மி.மீ.) சுடுகிறது. உடல் ஒன்றாகவே இருக்கும்போது பெரிய தோட்டாவை எடுப்பதுதானே புத்திசாலித்தனம்?

என் பதில் 9 மி.மீ. என்பதே. ஆனால் அதற்கான காரணம் பலர் சொல்வதுபோல ".40 மோசமான தோட்டா" என்பதன்று. அது நல்ல தோட்டா. உங்கள் கேள்வியில் இருக்கும் "உடல் ஒன்றாகவே இருக்கும்போது" என்ற சொற்றொடரே 9 மி.மீ. பக்கம் சாய்வதற்கான காரணம். உடல் ஒன்றாக இருப்பதால், பெரிய தோட்டா தரும் ஒவ்வொரு கூடுதலையும் அந்த உடலும் அதைப் பிடித்திருக்கும் கையுமே சுமந்தாக வேண்டும். எனவே இரண்டு தோட்டாக்களைத் தனியே எடுத்து ஒப்பிடுவதைவிட, 102 மி.மீ. குழலும் பிளாஸ்டிக் சட்டகமும் கொண்ட இந்தக் குறிப்பிட்ட அளவுத் துப்பாக்கியில் அவை எப்படி நடந்துகொள்கின்றன என்று பார்ப்பதே சரியான வழி.

.40 எப்படிப் பிறந்தது என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். 1986 ஏப்ரல் 11 அன்று மயாமியில் எஃப்.பி.ஐ. முகவர்களுக்கும் இரண்டு வங்கிக் கொள்ளையர்களுக்கும் இடையே நடந்த துப்பாக்கிச் சண்டையில் இரண்டு முகவர்கள் இறந்தார்கள், ஐந்து பேர் காயமடைந்தார்கள். கொள்ளையர்களில் ஒருவனின் கையைத் துளைத்து மார்புக்குள் நுழைந்த 115 கிரெய்ன் (ஏறத்தாழ 7.5 கிராம்) எடையுள்ள 9 மி.மீ. குண்டு ஒன்று இதயத்தை எட்டுவதற்கு முன்பே நின்றுவிட்டது. அவன் அதன் பிறகும் தொடர்ந்து சுட்டான். அந்தச் சண்டையில் தந்திரம், ஆயுதத் தேர்வு, தற்காப்பு உடை என்று பல குறைகள் இருந்தபோதிலும், பழியின் பெரும்பங்கு அந்த ஒரு குண்டின் மேல் விழுந்தது. விளைவாக எஃப்.பி.ஐ. 10 மி.மீ. ஆட்டோ தோட்டாவை நாடியது. அதன் முழு வேகத்தில் உதை அதிகமாக இருந்ததால் வெடிமருந்தைக் குறைத்துச் சுட்டார்கள். மருந்தைக் குறைத்த பிறகு 25 மி.மீ. நீளத் தோட்டாக் கூட்டில் கணிசமான இடம் வீண்தானே என்று யோசித்த ஸ்மித் அண்ட் வெஸ்ஸனும் வின்செஸ்டரும், கூட்டை ஏறத்தாழ 21.6 மி.மீ.க்குக் குறுக்கி 1990-ல் .40-ஐ வெளியிட்டன. அந்தக் குறுக்கலின் நோக்கம் தெளிவானது: 9 மி.மீ. துப்பாக்கியின் கைப்பிடிக்குள் அடங்கும் நீளத்துக்குள் பெரிய குண்டைக் கொண்டுவருவது. அதே ஆண்டிலேயே கிளாக் நிறுவனம் தன் 9 மி.மீ. மாதிரிகளான 17, 19 ஆகியவற்றின் சட்டகத்தில் .40-ஐப் பொருத்தி 22, 23 ஆகியவற்றைக் கொண்டுவந்தது. கிளாக் 19 அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னதாக, 1988-ல், வந்தது. ஆகவே கிளாக் 23 என்பது .40-ஐ மையமாக வைத்து முதலிலிருந்து வரையப்பட்ட துப்பாக்கியல்ல, 9 மி.மீ.க்காக வரையப்பட்ட ஒன்றில் .40 குடியேறியது.

.40 இவ்வளவு வேகமாகப் பரவியதற்கு, அதிகம் பேசப்படாத இன்னொரு காரணமும் உண்டு. 1994 முதல் 2004 வரை அமெரிக்காவில் பொதுமக்களுக்கான புதிய மேகசின்களில் (கைப்பிடிக்குள் செருகும் தோட்டாப் பெட்டிகளில்) பத்துத் தோட்டாக்களுக்கு மேல் கூடாது என்ற சட்டம் இருந்தது. எப்படியும் பத்துதான் என்றால் அந்தப் பத்தும் பெரியதாக இருக்கட்டுமே என்று வாங்குபவர் நினைத்தார். அந்தக் கணக்கு அந்தச் சட்டத்துக்குள் சரியானதே. இன்றும் பத்து என்ற வரம்பு உள்ள இடத்தில் நீங்கள் வசித்தால், கிளாக் 19-ன் பதினைந்துக்கும் கிளாக் 23-ன் பதின்மூன்றுக்கும் உள்ள வேறுபாட்டை உங்கள் கணக்கிலிருந்து அடித்துவிடலாம். வரம்பு இல்லாத இடத்திலும் இரண்டு தோட்டா வேறுபாட்டை வைத்து மட்டும் நான் முடிவெடுக்க மாட்டேன்.

இப்போது எண்களுக்கு வருவோம். 9 மி.மீ.யில் வழக்கமான ஒரு தோட்டா 124 கிரெய்ன், அதாவது ஏறத்தாழ 8 கிராம் எடையுள்ள குண்டை நொடிக்குச் சுமார் 350 மீட்டர் வேகத்தில் அனுப்புகிறது. .40-ல் வழக்கமான ஒன்று 180 கிரெய்ன், அதாவது 11.7 கிராம் குண்டை நொடிக்குச் சுமார் 300 மீட்டர் வேகத்தில் அனுப்புகிறது. ஆற்றலைக் கணக்கிட்டால் முன்னது 490 ஜூல் அளவிலும் பின்னது 530 ஜூல் அளவிலும் நிற்கும். வேறுபாடு பத்து விழுக்காட்டைக்கூட எட்டவில்லை. ஆனால் உந்தத்தை, அதாவது எடையை வேகத்தால் பெருக்கிய தொகையைக் கணக்கிட்டால் .40 ஏறத்தாழ 25 விழுக்காடு கூடுதல். துப்பாக்கியைப் பின்னால் தள்ளுவது இந்த உந்தமே. துப்பாக்கியின் எடை இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றே என்பதாலும் (தோட்டா நிரப்பிய நிலையில் 850 முதல் 900 கிராம் வரை), பின்னுதைப்பின் ஆற்றல் உந்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதாலும், அந்த 25 விழுக்காடு கையில் வந்து சேரும்போது ஏறத்தாழ ஒன்றரை மடங்காகிறது. இலக்குக்குப் பத்து விழுக்காட்டுக்கும் குறைவான கூடுதல் ஆற்றல், கைக்கு ஐம்பது விழுக்காடு கூடுதல் உதை: நீங்கள் செய்யப்போகும் வணிகம் இதுதான்.

இந்த உதை வலிக்குமா என்று கேட்டால், பெரும்பாலோருக்கு வலிக்காது. கிளாக் 23-ஐச் சுட்டுக் கை வீங்கியவர் யாருமில்லை. சிக்கல் வேறு. உதையின் தன்மை, துப்பாக்கி வல்லுநர்கள் சொல்வதுபோல, "வெடுக்" என்று இருக்கும்; .45 போலத் தள்ளாமல், மணிக்கட்டை மேல்நோக்கிச் சுண்டும். முதல் குண்டுக்குப் பிறகு முன் குறிமுனை பின் குறிமுனையின் பள்ளத்துக்குள் திரும்பி வந்து அமர எடுக்கும் நேரம் 9 மி.மீ.யைவிடக் கூடுகிறது. ஒரு குண்டைச் சுட்டு, மூச்சு விட்டு, நிதானமாக அடுத்ததைச் சுடும் பயிற்சியில் இது தெரியவே தெரியாது. அதனால்தான் கடையின் பின்புறச் சுடுதளத்தில் ஐந்து குண்டு சுட்டுப் பார்த்தவர் "இரண்டும் ஒன்றுபோல்தான் இருக்கிறது" என்று சொல்கிறார். இரண்டு துப்பாக்கிகளிலும் விரைவாக மூன்று மூன்று குண்டுகளாகச் சுட்டு, தாளில் துளைகள் விழுந்த பரப்பை ஒப்பிட்டுப் பாருங்கள், அப்போது பேசலாம்.

இதைவிடக் கேடானது, உதையை எதிர்பார்த்துக் கை தானாகவே முன்கூட்டிச் செய்யும் வேலை. விசையை இழுத்து முடிக்கும் கணத்துக்கு ஒரு நொடிப் பின்னத்துக்கு முன்பு, சுடுபவர் அறியாமலேயே மணிக்கட்டு கீழே அழுத்துகிறது. இதைக் கண்டுபிடிக்கும் வழி எளிது: நண்பர் ஒருவரை உங்கள் மேகசினை நிரப்பச் சொல்லி, உங்களுக்குத் தெரியாத இடங்களில் பயிற்சிக்கான வெற்றுத் தோட்டாக்கள் (மருந்தில்லாத, வெடிக்காத போலிகள்) இரண்டைச் செருகச் சொல்லுங்கள். அந்த வெற்றுத் தோட்டா வரும்போது துப்பாக்கி "டிக்" என்று மட்டும் ஒலிக்கும். அந்தக் கணத்தில் குழலின் முனை ஓர் அங்குலம் கீழே குனிவதை நீங்களே பார்ப்பீர்கள். 9 மி.மீ.யிலும் இது வரும். ஆனால் .40-ல் சீக்கிரம் வரும், போக நாளாகும். புதிதாகக் கற்பவர் முதல் சில மாதங்களில் பழகும் பழக்கம் பிற்பாடு எளிதில் விடாது என்பதால், முதல் துப்பாக்கி என்ற நிலையில் இந்த ஒரு காரணமே எனக்குப் போதும்.

இலக்கில் என்ன நடக்கிறது என்ற பகுதி அதிகம் சண்டை நடக்கும் இடம், சுருக்கமாகச் சொல்கிறேன். மயாமிக்குப் பிறகு எஃப்.பி.ஐ. வகுத்த சோதனையில் குண்டை 10 விழுக்காடு ஜெலட்டின் கட்டிக்குள் சுடுகிறார்கள்; வெற்றுக் கட்டியிலும், தடித்த துணி, ஒட்டுப்பலகை, சுவர்ப்பலகை, எஃகுத் தகடு, கார்க் கண்ணாடி ஆகியவற்றைத் தாண்டியும் குண்டு 12 முதல் 18 அங்குல ஆழத்துக்குள் நிற்க வேண்டும். கைத்துப்பாக்கிக் குண்டின் வேகத்தில், ரைஃபிள் குண்டு செய்வதுபோன்ற அதிர்ச்சி அலையால் பெரிய சேதம் ஏற்படுவதில்லை; குண்டு எவ்வளவு ஆழம் செல்கிறது, எவ்வளவு அகலத் துளையை விடுகிறது என்பவை மட்டுமே நம்பத்தகுந்த அளவைகள். 1986-ன் 9 மி.மீ. குண்டுகள் விரிந்தால் ஆழம் போதாமலும் ஆழம் சென்றால் விரியாமலும் தவித்தன. அதற்குப் பின் குண்டின் உறையும் ஈய உள்ளீடும் பிணைக்கப்படும் முறையும், முனைக்குழியின் வடிவமும் வெகுவாக மாறிவிட்டன. தற்காலத்து நல்ல 9 மி.மீ. தற்காப்புத் தோட்டா அந்தச் சோதனையில் .40-க்கு அருகருகே நிற்கிறது. 2014-ல் எஃப்.பி.ஐ.யின் பயிற்சிப் பிரிவே 9 மி.மீ.க்குத் திரும்புவதற்கான காரணங்களை எழுதி வைத்தது. தரமான தோட்டாக்களுக்கிடையே காயத்தில் பொருட்படுத்தத் தக்க வேறுபாடு தெரியவில்லை, பெரும்பாலான முகவர்கள் 9 மி.மீ.யில் வேகமாகவும் துல்லியமாகவும் சுடுகிறார்கள் என்பவை அதன் சாரம். 2016-ல் அந்த அமைப்பு கிளாக் 9 மி.மீ. மாதிரிகளையே வாங்க ஒப்பந்தம் செய்தது. .40 எந்த அமைப்புக்காகப் பிறந்ததோ அந்த அமைப்பே அதை விட்டுப் போனது என்பதைக் கேலியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இடையில் மாறியது குண்டின் தொழில்நுட்பம். கார்க் கண்ணாடி போன்ற கடினமான தடைகளைத் தாண்டும்போது கனமான .40 குண்டுக்கு இன்றும் ஓரளவு மேன்மை உண்டு. நெடுஞ்சாலைக் காவலருக்கு அது பொருட்டாகலாம். வீட்டுக்குள் இருப்பவருக்கு அப்படிப்பட்ட தேவை அரிது. வீட்டில் இருப்பவர் கவலைப்பட வேண்டியது சுவருக்கு அப்பால் யார் இருக்கிறார்கள் என்பதைப் பற்றியே, அந்தக் கவலை இரண்டு தோட்டாவுக்கும் பொது.

இனித் துப்பாக்கியின் உடல். இரண்டு குழல்களையும் கழற்றி அருகருகே வைத்து முகப்பைப் பாருங்கள்: .40-ல் துளை பெரிது, சுற்றியுள்ள எஃகு மெல்லிது. அமெரிக்கத் தோட்டா உற்பத்தியாளர் அமைப்பான எஸ்.ஏ.ஏ.எம்.ஐ. இரண்டு தோட்டாக்களுக்கும் வகுத்துள்ள உச்ச அழுத்தம் ஒன்றே: சதுர அங்குலத்துக்கு 35,000 பவுண்டு. அழுத்தம் ஒன்று, ஆனால் அது அழுத்தும் பரப்பு .40-ல் பெரிது, எனவே ஸ்லைடின் (சுடும்போது முன்னும் பின்னும் ஓடும் மேல்பாகத்தின்) முகத்தின் மேல் விழும் விசையும் கூடுகிறது, ஸ்லைடு வேகமாகப் பின்னால் ஓடுகிறது, சுருள்வில்லும் ஊசிகளும் சீக்கிரம் தேய்கின்றன. ஸ்லைடு வேகமாகப் போய்வரும்போது அடுத்த தோட்டாவை மேலே தூக்கி நிறுத்த மேகசினின் வில்லுக்குக் கிடைக்கும் நேரமும் குறைகிறது. ஆகவே .40-ல் மேகசின் வில் தளர்ந்திருந்தால் அதன் குறை முதலில் தெரியும். உற்பத்தியாளரும் இதை அறிந்தே நடந்திருக்கிறார்: 2010-ல் வந்த நான்காம் தலைமுறையில் இரட்டைச் சுருள்வில் வந்தது, ஐந்தாம் தலைமுறை கிளாக் 23-ல் ஸ்லைடையே சற்று அகலமாகவும் கனமாகவும் ஆக்கினார்கள். அந்த மாற்றம் நல்ல மாற்றம். .40-தான் வேண்டும் என்று நீங்கள் முடிவு செய்தால் ஐந்தாம் தலைமுறையையே தேடுங்கள். ஆனால் அதில் ஒரு வேடிக்கை உண்டு: முந்தைய தலைமுறைகளில் 19-க்கும் 23-க்கும் துப்பாக்கியைச் செருகி வைக்கும் ஒரே உறை பொருந்தியது, ஐந்தாம் தலைமுறை 23-ன் அகன்ற ஸ்லைடு, 19-க்காக இறுக்கமாக வார்க்கப்பட்ட உறையில் நுழைய மறுக்கும். "உடல் ஒன்று" என்ற வாதமே அங்கு தளர்ந்துவிடுகிறது.

சுட்ட தோட்டாக் கூடுகளைச் சேர்த்து மீண்டும் நிரப்பிச் சுடும் பழக்கம் உங்களுக்கு இருந்தால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பழைய தலைமுறை .40 கிளாக்குகளில் தோட்டா அமரும் அறையின் அடிப்பகுதியில், தோட்டா ஏறும் சரிவுக்கு மேலே, கூட்டின் ஒரு சிறு பகுதி எஃகின் தாங்கல் இல்லாமல் நிற்கும். சுட்டபின் கூட்டை எடுத்து அடிவிளிம்புக்குச் சற்று மேலே கட்டைவிரல் நகத்தால் வருடினால் ஒரு புறம் மட்டும் மெல்லிய புடைப்பு தட்டுப்படும். அந்தப் புடைப்பை அச்சில் அழுத்திச் சரிசெய்து மறுபடி மறுபடி நிரப்பினால் பித்தளை அந்த இடத்தில் நைந்துபோகும். அதோடு, ஒரே தோட்டாவைத் திரும்பத் திரும்ப அறைக்குள் ஏற்றி இறக்கும்போது குண்டு கூட்டுக்குள் சற்றே அமுங்குவதுண்டு. 180 கிரெய்ன் குண்டு நிரம்பிய.40 கூட்டில் மிச்ச இடம் குறைவு என்பதால், சிறு அமுக்கம்கூட அழுத்தத்தை வேகமாக உயர்த்தும். தினமும் துப்பாக்கியைக் காலி செய்து மறுநாள் அதே தோட்டாவை ஏற்றுபவர்கள் அந்த முதல் தோட்டாவைப் புதிய ஒன்றோடு பக்கத்தில் நிறுத்தி நீளத்தை ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. குட்டையாகத் தெரிந்தால் அதைச் சுட வேண்டாம்.

தோட்டா கிடைப்பதைப் பற்றி நீண்ட விளக்கம் தேவையில்லை. 9×19, அதாவது நாம் இதுவரை 9 மி.மீ. என்று சொன்ன தோட்டா, நேட்டோவின் பொதுத் தோட்டா. உலகெங்கும் அதிகமாக உற்பத்தியாகும் கைத்துப்பாக்கித் தோட்டாக்களில் ஒன்று. ஆகவே ஒன்றுக்கு ஒன்று விலையிலும் மலிவு. அதே பணத்துக்கு அதிகம் சுடலாம், அதிகம் சுடுபவரே நன்றாகச் சுடுகிறார். ஆனால் உங்கள் நாட்டின் சட்டத்தை முதலில் பாருங்கள். ராணுவம் பயன்படுத்தும் தோட்டா என்ற காரணத்தாலேயே 9×19-ஐப் பொதுமக்களுக்கு மறுக்கும் நாடுகள் உண்டு. இத்தாலியில் நெடுங்காலம் அந்தத் தடை இருந்ததால்தான் 9×21 என்ற மாற்றுத் தோட்டா அங்கே பரவியது. அப்படிப்பட்ட இடத்தில் .40-க்கு அனுமதி இருந்தால் இந்த விவாதமே முடிந்தது. கிளாக் 23-ஐ வாங்கிக்கொள்ளுங்கள்.

.40-ஐ நானே பரிந்துரைக்கும் இடங்களும் உண்டு. ஐ.பி.எஸ்.சி. என்ற பன்னாட்டு அமைப்பின் விரைவுச் சுடுதல் வகைப் போட்டிகளில் குண்டின் கிரெய்ன் எடையை நொடிக்கு இத்தனை அடி என்ற வேகத்தால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்து ஒரு எண் பெறுகிறார்கள். 125-ஐ எட்டினால் சிறு பிரிவு. ஸ்டாண்டர்ட் என்ற போட்டி வகையில் 170-ஐ எட்டினால் பெரும் பிரிவு. நடுப்பகுதியில் அடித்தால் இருவருக்கும் ஐந்து புள்ளிதான். அதற்கு அடுத்த பகுதியில் விழும் குண்டுக்குப் பெரும் பிரிவில் நான்கு, சிறு பிரிவில் மூன்று. அந்தப் பெரும் பிரிவுக்கு 10 மி.மீ. விட்டமாவது வேண்டும் என்பதால் .40 அங்கே இன்றும் உயிரோடிருக்கிறது. ஆனால் அந்தப் போட்டிக்குப் போகிறவர் கிளாக் 23-ஐ எடுக்க மாட்டார், 135 மி.மீ. குழலுள்ள கிளாக் 35-ஐயோ, கனமான எஃகுச் சட்டகம் கொண்ட ஒன்றையோ எடுப்பார். .40-ஐக் கனமான உடலில் வைத்தால் அது எவ்வளவு இனிமையாக நடந்துகொள்கிறது என்பதை அங்கே பார்க்கலாம்.

மற்றொரு இடம், பல காவல் துறைகள் 9 மி.மீ.க்கு மாறியபோது கழித்துவிட்ட .40 கிளாக்குகள். அவை வெளியே உரசலோடும் உள்ளே அதிகம் சுடப்படாமலும் மலிவாக வருவதுண்டு. அப்படி ஒன்று கிடைத்தால் வாங்கலாம். ஏனெனில் மாற்றிக்கொள்ளும் வசதி.40-லிருந்து கீழ்நோக்கித்தான் உண்டு. கிளாக் 23-ல் .40-ன் வெளியளவுக்கே செய்யப்பட்ட 9 மி.மீ. மாற்றுக் குழலைப் பொருத்தி, 9 மி.மீ. மேகசினைப் போட்டுச் சுடலாம்; .357 சிக் தோட்டாவின் அடிவிளிம்பு .40-ன் அளவே என்பதால் அதற்கும் குழலை மட்டும் மாற்றினால் போதும். கிளாக் 19-ஐ .40 ஆக்க முடியாது. அதன் ஸ்லைடின் முகம்.40-ன் அடிவிளிம்பை ஏற்கும் அகலம் கொண்டதல்ல. மாற்றுக் குழலைப் பயிற்சிக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். தோட்டாக் கூட்டை இழுக்கும் கொக்கி.40-க்காக அமைந்தது, பெரும்பாலும் வேலை செய்யும், ஆனால் பாதுகாப்புக்கு வைத்திருக்கும் துப்பாக்கியில் "பெரும்பாலும்" என்ற சொல்லுக்கு இடமில்லை.

இப்படி மாற்றுக் குழல் வாங்கினாலும், இரண்டு துப்பாக்கிகளையும் வைத்துக்கொண்டாலும், ஓர் ஆபத்து கூடவே வருகிறது. .40 தோட்டா 9 மி.மீ. அறைக்குள் நுழையாது, அதனால் கேடில்லை. ஆனால் 9 மி.மீ. தோட்டா .40 அறைக்குள் நழுவி விழும். இழுக்கும் கொக்கி அதன் விளிம்பைப் பிடித்துக்கொண்டால் பிரைமரில் (மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடியில்) ஊசி அடித்து வெடிக்கவும் செய்யும். தாங்கல் இல்லாத கூடு கிழியும், வாயு பின்னோக்கி வரும், குண்டு குழலில் பிடிமானமின்றி எங்கோ போகும். இரண்டு மேகசின்களும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருப்பதால் இது நடக்காத காரியமல்ல. மேகசின்களின் அடித்தட்டில் வெவ்வேறு வண்ணம் பூசுங்கள், தோட்டாக்களை வெவ்வேறு பூட்டிய பெட்டிகளில் வையுங்கள், சுடுதள மேசையில் எப்போதும் ஒரு வகைத் தோட்டா மட்டுமே இருக்கட்டும். அதை முடித்து, துப்பாக்கியைக் காலி செய்து, அறையைக் கண்ணாலும் சுண்டுவிரலாலும் சோதித்த பிறகே அடுத்த பெட்டியைத் திறக்க வேண்டும்.